கலவைப் பிரிப்புப் பெட்டி: ஒரு பருவம் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். திண்மக் கலவைகளைப் பிரிக்கும் செய்முறைக்கென்றே தனியாக ஒரு பெட்டி ஆன்லைனில் கிடைக்கிறது என்று தெரிந்து ஜூனில் வாங்கினேன். விலை 2,850 ரூபாய், கூரியர் தனி. பெட்டி வந்த வாரமே எழுதியிருந்தால் பாராட்டி இரண்டு வரியோடு முடித்திருப்பேன். ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் ஒரு பருவம் முழுக்க வைத்து வேலை செய்த பிறகு சொல்ல நிறைய இருக்கிறது. படிக்க நேரமில்லாதவர்களுக்கு: வாங்கலாம். ஆனால் புனலையும் வடிதாளையும் மாற்றிக்கொள்ளுங்கள், விளக்கப் புத்தகம் சொல்லும் வரிசையை அப்படியே செய்யாதீர்கள், தராசை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இந்தப் பெட்டிக்கு உயிரே அதில்தான்.

தராசைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளிகளில் இந்தச் செய்முறை பெரும்பாலும் "காந்தத்தில் இரும்பு ஒட்டியது, உப்பு கரைந்தது, மணல் தங்கியது" என்பதோடு முடிந்துவிடும். பிள்ளைகள் நோட்டில் "பிரிக்கப்பட்டது" என்று எழுதிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார்கள். போட்டது எத்தனை கிராம், திரும்பக் கிடைத்தது எத்தனை கிராம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வழியும் இல்லை, ஏனென்றால் பல ஆய்வகங்களில் இருப்பது பழைய இயற்பியல் தராசு ஒன்றோ இரண்டோ, அதில் ஒரு குழு நிறுத்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். இந்தப் பெட்டியில் உள்ளங்கை அளவில் ஒரு மின்னணுத் தராசு வருகிறது, 200 கிராம் வரை நிறுக்கும், 0.01 கிராம் வரை காட்டும். சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, 2011-இல் வந்த ரூபாய்ச் சின்னம் போட்ட 5 ரூபாய் நாணயத்தை வைத்துப் பார்த்தேன். அதன் எடை 6 கிராம். தேயாத நாணயமாகப் பார்த்து நான்கைந்தை வைத்தபோது எல்லாம் அதை ஒட்டியே காட்டியது. பருவக் கடைசியிலும் அதே சோதனையைச் செய்தேன், மாறவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: பெட்டியில் வரும் பலமான நியோடிமியம் காந்தத்தைத் தராசுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், எண் தாறுமாறாக ஓடும்.

பெட்டிக்குள் இருப்பவை: இரும்புத்தூள், மணல், உப்பு, நவச்சாரம் என்ற அம்மோனியம் குளோரைடு என நான்கு பொட்டலம், அது போக நாப்தலீன் உருண்டை ஒரு பாக்கெட். சட்டக் காந்தம் ஒன்று, வட்டமான நியோடிமியம் காந்தம் ஒன்று. மூன்று சல்லடை, இரண்டு பிளாஸ்டிக் புனல், வடிதாள் நூறு, இரண்டு சைனா டிஷ் (பீங்கான் கிண்ணம்), ஆறு பீக்கர், கண்ணாடிக் கோல், ஸ்பிரிட் விளக்கு, டிரைபாட், கம்பி வலை, இடுக்கி. விற்பவர்கள் "ஒரு வகுப்புக்குப் போதும்" என்று போட்டிருக்கிறார்கள். பொடிகள் போதும், சாமான்கள் போதாது. ஒரு பெட்டி ஒரு குழுவுக்குத்தான் சரி. என் வகுப்பில் ஆறு குழு, மற்ற ஐந்து குழுவுக்கும் ஆய்வகத்தில் ஏற்கெனவே இருந்ததை எடுத்து ஒப்பேற்றினேன்.

இப்போது வரிசைக்கு வருகிறேன், எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது இந்த விஷயம்தான். நான்கு பொடியையும் ஐந்து ஐந்து கிராம் கலந்துவிட்டால் பிரிப்பது எந்த வரிசையில்? விளக்கப் புத்தகம் முதலில் காந்தம், அடுத்து தண்ணீர், கடைசியில் பதங்கமாதல் (சூட்டில் திண்மம் உருகாமல் நேராக ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் மறுபடி திண்மமாகப் படிவது) என்கிறது. முதல் படி சரி. இரும்பை முதலில் எடுத்தே ஆகவேண்டும், ஈரம் பட்டால் துருவேறத் தொடங்கிவிடும், நவச்சாரத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு இரும்பை அரிக்கவும் செய்யும். இரண்டாவது படியில்தான் தவறு. நவச்சாரமும் தண்ணீரில் கரையும். அறை வெப்பநிலையில் 100 கிராம் தண்ணீரில் உப்பு சுமார் 36 கிராம் கரைகிறது, நவச்சாரம் சுமார் 37 கிராம். இரண்டும் ஒன்றாகக் கரைந்து ஒன்றாகவே வடிதாளைத் தாண்டிப் போய்விடும். அதற்குப் பிறகு தண்ணீரை ஆவியாக்கி, மிச்சமிருக்கும் இரண்டு வெள்ளைப் பொடியில் நவச்சாரத்தைப் பதங்கமாக்கி எடுக்கலாம், முடியாது என்றில்லை. ஆனால் கிண்ணத்தின் அடியில் இரண்டும் கெட்டியாக அப்பிக்கொண்டு, உள்ளே ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, சூடாக்கும்போது பொரிந்து தெறிக்கும். காந்தம், பதங்கமாதல், தண்ணீர், வடிகட்டல், ஆவியாக்கல் என்று போனால் ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வழிவிடும்.

இந்த வரிசையை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் மூன்று குழுவைப் புத்தகத்தின் வரிசையிலும் மூன்று குழுவை அவர்களாக யோசித்த வரிசையிலும் செய்யவிட்டேன். ஒரு குழு முதலிலேயே தண்ணீர் ஊற்றிவிட்டது. அடுத்த நாள் காலையில் வந்து பார்த்தால் வடிதாளில் மணல் காவி நிறமாகக் கிடந்தது. அந்தப் பிள்ளைகள் இனிமேல் எந்தத் தேர்விலும் இரும்பைக் கடைசியில் எழுதமாட்டார்கள்.

காந்தத்துக்கு ஒரு யோசனை. நியோடிமியம் காந்தத்தை நேராகப் பொடியில் விடாதீர்கள். ஒருமுறை ஒட்டிக்கொண்ட இரும்புத்தூளைச் சுரண்டி எடுப்பது பெரிய பாடு, முழுதாக வரவே வராது. ஒரு மெல்லிய பாலிதீன் பைக்குள் காந்தத்தைப் போட்டு, வெளிப்பக்கமாக ஒட்டவிட்டு, தாளுக்கு மேலே கொண்டுவந்து காந்தத்தை உருவிவிட்டால் இரும்பு மொத்தமாக உதிரும். ஒரே இழுப்பில் எடுத்தால் மணலும் உப்பும் இரும்புக்கு நடுவே சிக்கிக்கொண்டு வரும், அதனால் எடுத்ததைத் தாளில் பரப்பி இரண்டு மூன்று முறை திரும்பத் திரும்ப எடுக்கவேண்டும். பெட்டியில் வரும் சட்டக் காந்தம் பலமில்லாதது, ஒரு ரூபாய் நாணயத்தைத் தூக்கவே திணறுகிறது. இருந்தாலும் அதைத் தூக்கிப் போடாதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பதங்கமாதலில்தான் பெட்டி என்னைக் கைவிட்டது. புத்தகத்தில் படம் அழகாகப் போட்டிருக்கிறார்கள், சைனா டிஷ் மேல் கண்ணாடிப் புனல் கவிழ்ந்திருக்கிறது, காம்பில் பஞ்சு அடைத்திருக்கிறது. பெட்டிக்குள் கண்ணாடிப் புனலே கிடையாது, இரண்டும் பிளாஸ்டிக். நவச்சாரம் பதங்கமாக 340 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும், பாலிபுரொப்பிலீன் 160 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். நான் வேறு குழுவிடம் நின்றுகொண்டிருந்த நேரத்தில் ஒரு குழு படத்தைப் பார்த்து பிளாஸ்டிக் புனலைக் கவிழ்த்துவிட்டது. ஓரம் இளகிக் கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது, வாடை வந்ததும் விளக்கை அணைத்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பிள்ளைகள் கையாளும் பெட்டியில் இப்படி ஒரு படத்தைப் போட்டுவிட்டு அதற்குத் தேவையான பொருளைக் கொடுக்காமல் விடுவதை என்னால் சின்னக் குறையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. விற்பவருக்கு எழுதினேன். முதல் பதில், "வடிகட்ட மட்டும்தான் அந்தப் புனல்" என்று வந்தது. படத்தை போட்டோ எடுத்து அனுப்பிய பிறகு, பத்து நாளில் ஒரு கண்ணாடிப் புனல் இலவசமாக அனுப்பினார்கள். அனுப்பியது சூடு தாங்கும் நல்ல போரோசிலிகேட் கண்ணாடி. அதற்கு நன்றி. ஆனால் அடுத்து வாங்குபவருக்கும் அது பெட்டியிலேயே இருக்கவேண்டும்.

கண்ணாடிப் புனல் வந்த பிறகு செய்த நவச்சாரப் பதங்கமாதல்தான் பருவத்திலேயே அழகான நாள். வெள்ளைப் புகை எழும்பி, புனலின் உள்சுவரில் பனி படிவதுபோல் படியும். கலவை முற்றிலும் காய்ந்திருக்கவேண்டும், கொஞ்சம் ஈரமிருந்தாலும் அது முதலில் நீராவியாகப் போய்ப் புனலில் துளியாக நின்று பொடியை நனைத்துவிடும். புனலின் வெளிப்பக்கம் ஈரத் துணியைப் பிழிந்து சுற்றினால் படிவது கூடும், சொட்டச் சொட்டச் சுற்றினால் கண்ணாடி விரிசல் விடும். ஸ்பிரிட் விளக்கில் இருபது நிமிடம் ஆனது, எங்கள் ஆய்வகத்து கேஸ் பர்னரில் ஆறேழு நிமிடம். கிண்ணத்துக்கும் புனலுக்கும் நடுவே துளையிட்ட வடிதாளை வைக்கச் சொல்கிறது புத்தகம், விழும் படிகத்தைத் தாங்கிக்கொள்ள. கற்பூரத்துக்கும் நாப்தலீனுக்கும் அது சரி, நவச்சாரத்தின் சூட்டுக்குத் தாள் பழுப்பேறிக் கருக ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்துத்தான் இதைச் செய்யவேண்டும், மூக்கை அரிக்கும்.

நவச்சாரம் பிள்ளைகளுக்குப் புதிதுதான், ஆனால் அவர்கள் வீட்டுப் பாட்டிகளுக்குப் புதிதில்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் (வெள்ளீயம்தான்) பூசுபவர் தெருவுக்கு வந்த காலத்தில், காய்ந்த பாத்திரத்துக்குள் நவச்சாரத் தூளைத் தூவிப் பஞ்சால் தேய்ப்பார், குபுகுபுவென்று வெள்ளைப் புகை கிளம்பும், பாத்திரம் பளிச்சென்று ஆகும். அதுவும் இதே வேதியியல்தான். சூட்டில் நவச்சாரம் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது, பித்தளை மேல் படிந்திருக்கும் ஆக்சைடை அந்த ஹைட்ரஜன் குளோரைடு சுத்தம் செய்துவிடுகிறது, அதனால் ஈயம் ஒட்டுகிறது. குளிர்ந்த இடத்தில் இரண்டு வாயுவும் மறுபடி சேர்ந்து நவச்சாரமாகவே படிகின்றன. அப்படியென்றால் இது கறாரான பொருளில் பதங்கமாதலே இல்லை, பிரிந்து சேர்வது. விளக்கப் புத்தகம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் பதங்கமாதல் என்றே சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் பதினொன்றாம் வகுப்புக்கு நான் ஒரு சோதனைக் குழாயில் நவச்சாரத்தைச் சூடாக்கி, குழாயின் வாயில் ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளை (காரத்தில் நீலமாகும், அமிலத்தில் சிவக்கும்) பிடித்துக் காட்டினேன். முதலில் நீலமாகிறது. அம்மோனியாவின் மூலக்கூறு எடை குறைவு, 17. ஹைட்ரஜன் குளோரைடு 36.5. அதனால் அம்மோனியா முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் தாள் மறுபடி சிவக்கிறது. இதைப் பார்த்துவிட்டால் வாயுக்களின் விரவல் பாடம் பாதி முடிந்தது.

நாப்தலீன் பாக்கெட்டை நான் திறக்கவே இல்லை. எளிதில் தீப்பிடிக்கும், ஆவியை முகர்வது நல்லதல்ல, சிவப்பணுவில் ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு உண்மையான ஆபத்து உண்டு, அந்தக் குறைபாடு இருப்பது பெரும்பாலும் வீட்டாருக்கே தெரிந்திருக்காது. கடையில் பாச்சை உருண்டை என்று கிடைப்பதும் எப்போதும் நாப்தலீனாக இருக்கும் என்று சொல்ல முடியாது, பாராடைகுளோரோபென்சீனாகவும் இருக்கும். நவச்சாரம் இருக்கும்போது இது பெட்டிக்குத் தேவையில்லை.

அடுத்து வடிதாள். உறையில் எந்தத் தரம் என்றே அச்சிடவில்லை. மணலில் இருந்த மெல்லிய களிமண் தாளைத் தாண்டி வந்து வடிநீர் கலங்கிவிட்டது, அதை ஆவியாக்கினால் உப்பு பழுப்பாக நிற்கிறது. முழுப் பழியையும் தாளின் மேல் போடமுடியாது. சாதாரணமாக ஆய்வகங்களில் பயன்படுத்தும் வாட்மேன் 1 தாளே 11 மைக்ரான் வரைதான் நிறுத்தும், களிமண் துகள் 2 மைக்ரானுக்கும் கீழே. வாட்மேன் 42 என்றால் 2.5 மைக்ரான், ஆனால் சொட்டுச் சொட்டாக இறங்கும், விலையும் அதிகம், பள்ளிக்குக் கட்டாது. வழி என்னவென்றால் மணலை முன்கூட்டியே நான்கைந்து முறை அலசி, கலங்கல் நீரை இறுத்துவிட்டுக் காயவைத்துக்கொள்வது. அதோடு பெட்டித் தாளுக்குப் பதில் வாட்மேன் 1 வாங்கிவிட்டோம், 12.5 செ.மீ. விட்டம். அதற்கப்புறம் வடிநீர் தெளிவாக வந்தது. பெட்டித் தாள் ஈரத்தில் முனையில் கிழியவும் செய்கிறது, ஆறில் இரண்டு கிழிந்தது.

வடிகட்டும்போது எல்லோரும் விடும் ஒரு தவறு, மணலைக் கழுவாமல் விடுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 கிராம் உப்பை 20 மி.லி. தண்ணீரில் கரைத்து வடித்தால், ஈர மணலும் தாளும் சுமார் 2 மி.லி. கரைசலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதில் அரை கிராம் உப்பு போய்விட்டது. 10 மி.லி. தண்ணீரை ஒரே தடவையாக ஊற்றிக் கழுவினால் மிஞ்சுவது 0.08 கிராம். அதே 10 மி.லி.யை ஐந்து ஐந்தாக இரண்டு தடவை ஊற்றினால் மிஞ்சுவது 0.04 கிராம், பாதி. தண்ணீர் கூடவில்லை, ஆவியாக்கும் நேரமும் கூடவில்லை. தராசு இருந்ததால் இதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்: கழுவாத குழுவுக்கு உப்பு 4.4 கிராம், இரண்டு தடவை கழுவிய குழுவுக்கு 4.8. கடைசிக் கழுவுநீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டு, உப்பு மிச்சமிருப்பதைக் காட்டும் வெள்ளை வருகிறதா என்று பார்ப்பதையும் காட்டினேன், விலை அதிகம் என்பதால் நான் மட்டும், ஒரே ஒரு முறை.

ஆவியாக்கலில் பெட்டியின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. சைனா டிஷ் இரண்டும் நல்ல தரம், பீக்கர்கள் போரோசிலிகேட், ஒரு பருவத்தில் ஒன்றுகூட விரியவில்லை. சாதாரணக் கண்ணாடி சூட்டில் விரிவதில் மூன்றில் ஒரு பங்கு அளவே இது விரியும் என்பதால் கம்பி வலை மேல் தைரியமாக வைக்கலாம். தண்ணீர் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே விளக்கை விலக்கி, கொதிக்கும் பீக்கர் மேல் கிண்ணத்தை உட்கார வைத்து நீராவியில் உலர்த்துங்கள். நேரடித் தீயிலேயே கடைசிவரை விட்டால் உப்பு பட்டாசுபோல் வெடித்துத் தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். பாக்கெட்டில் வந்த உப்பு தீர்ந்ததும் கடையில் கல்லுப்பு வாங்கினேன், அதில் மெக்னீசியம் குளோரைடு கலந்திருப்பதால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து எடையைக் கூட்டிக் காட்டியது. சுத்திகரித்த உப்பே நல்லது.

சல்லடைகள் மூன்று: 1 மி.மீ., 500 மைக்ரான், 250 மைக்ரான். வட்டம் பிளாஸ்டிக், வலை எஃகு. 250 மைக்ரான் வலை இரண்டே மாதத்தில் தொய்ந்துவிட்டது. மணலையும் உப்பையும் சலித்துப் பிரிக்கலாம் என்று ஒரு படம் புத்தகத்தில் இருக்கிறது, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு மணியாக இருக்கும்போது அது எப்படி நடக்கும்? சல்லடை வேலை செய்வது மணலில் கிடக்கும் சரளையை எடுக்கத்தான். கடையில் தனியாக வாங்குவதென்றால் மெஷ் கணக்கில் சொல்வார்கள், 60 மெஷ் என்றால் 250 மைக்ரான், 100 என்றால் 150, எண் கூடினால் கண் சிறிது. இந்த இடத்தில் பிள்ளைகளிடம் வீட்டில் என்னென்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். சலிப்பது, புடைப்பது, கொழிப்பது, தெள்ளுவது, தூற்றுவது என்று வந்துகொண்டே இருந்தது. முறத்தைத் தூக்கிப் போட்டால் புடைத்தல், பக்கவாட்டில் அசைத்தால் கொழித்தல். எடையை வைத்தும் அளவை வைத்தும் காற்றை வைத்தும் பிரிப்பதற்குத் தனித்தனிச் சொல் வைத்திருக்கிற மொழி இது. ஒரு பெண் வீட்டிலிருந்து அரிக்கஞ்சட்டியையே கொண்டுவந்துவிட்டாள், உள்ளே வரிவரியாகப் பள்ளம் உள்ள சட்டி, அரிசியைத் தண்ணீரோடு சுழற்றினால் கல் அடியில் தங்கிவிடும். இதையெல்லாம் ஒரு வரியாவது விளக்கப் புத்தகத்தில் போட்டிருக்கலாம். தமிழில் அச்சிட்டிருக்கிறார்கள் என்பதே எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்த தமிழ், பிள்ளைகளால் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை.

சரி, சட்டக் காந்தத்துக்கு வருகிறேன். பெட்டித் தராசு சொல்லிக்கொடுத்த பெரிய பாடம் அது.

முதல் முறை ஒழுங்காகச் செய்து முடித்த குழுவின் கணக்கு இது: போட்டது நான்கும் 5.00 கிராம். கிடைத்தது இரும்பு 5.38, நவச்சாரம் 3.92, மணல் 4.55, உப்பு 4.81. நவச்சாரம் குறைந்தது புரிகிறது, புகையாகக் கொஞ்சம் ஜன்னல் வழியாகப் போய்விட்டது. உப்புக்கும் கணக்கு உண்டு. "டீச்சர், இரும்பு எப்படிக் கூடும்?" என்று கேட்டான் பையன். நானும் மணல் ஒட்டியிருக்கும், மறுபடி காந்தத்தில் எடு என்றேன். மூன்று முறை எடுத்தான். 5.38 அசையவில்லை. மற்றக் குழுக்களைக் கேட்டால் அங்கேயும் 5.3, 5.4. எல்லோருக்கும் இரும்பு கூடியிருக்கிறது, எல்லோருக்கும் மணல் குறைந்திருக்கிறது, ஏறக்குறைய அதே அளவுக்கு.

அப்புறம் கலக்காத மணலை மட்டும் 50 கிராம் எடுத்து நியோடிமியம் காந்தத்தைக் காட்டினோம். பளபளவென்று கறுப்பு மணி 3.9 கிராம் வந்தது. பெட்டியில் வந்த மணலே காந்தத்துக்கு வரும் மணல். நூற்றுக்கு எட்டு பங்கு. ஐந்து கிராமுக்கு 0.39, பையனின் 0.38 எங்கிருந்து வந்தது என்பது அங்கேயே தீர்ந்துவிட்டது. பலமில்லாத சட்டக் காந்தத்தைக் காட்டினால் அந்தக் கறுப்பில் கொஞ்சம்தான் வருகிறது, அது மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு கனிமமாக இருக்கும். மீதி, பலமான காந்தத்துக்கு மட்டும் வருவது, இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு கனிமம். இரண்டு காந்தமும் இருந்ததால்தான் இப்படி வகைபிரிக்க முடிந்தது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இல்மனைட் என்ற சொல்லுக்கு அறிமுகம் தேவையில்லை. மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை இருக்கிறது, ஐ.ஆர்.இ.எல். என்ற பொதுத்துறை நிறுவனம் நடத்துவது. ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல் இந்தக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்ததிலிருந்து தொடங்கிய கதை. எங்கள் ஆறு பீக்கரில் நடந்த வேலையைத்தான் அங்கே டன் கணக்கில் செய்கிறார்கள். தண்ணீர் ஓட்டத்தில் கனமான மணியைப் பிரிப்பார்கள். காயவைத்து உயர் மின்னழுத்தத்தில் விட்டால் மின்சாரம் கடத்தும் இல்மனைட்டும் ரூட்டைலும் ஒரு பக்கம், கடத்தாத சிர்கானும் மோனசைட்டும் கார்னெட்டும் சிலிமனைட்டும் மறுபக்கம். பிறகு காந்தம், அதில் இல்மனைட் ஒட்டும், ரூட்டைல் ஒட்டாது. மோனசைட்டும் கார்னெட்டும் பலமான காந்தத்துக்கு வரும், சிர்கான் வராது. கண்ணுக்கு ஒரே மணலாகத் தெரிவதில் ஆறு கனிமம். கறுப்பு இல்மனைட்டிலிருந்துதான் வெள்ளைப் பெயின்ட்டுக்கு வேண்டிய டைட்டானியம் டைஆக்சைடு எடுக்கிறார்கள் என்றதும் வகுப்பில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. (கடற்கரை மணலை அள்ளிக்கொண்டு வரவா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, பள்ளி மேசையில் அதற்கு வேலையில்லை.)

பெட்டிக்காரர்கள் இதைத் தெரிந்து செய்திருக்க வாய்ப்பில்லை, கிடைத்த ஆற்று மணலைப் பொட்டலம் கட்டியிருப்பார்கள். உங்களுக்கு வரும் பெட்டியில் மணல் வேறு மாதிரி இருக்கலாம். ஆகவே கலக்கும் முன் மணலை மட்டும் காந்தத்தில் ஒருமுறை பாருங்கள். எடை சரியாக வரவேண்டுமென்றால் வெள்ளை சிலிக்கா மணல் தனியாக வாங்குங்கள். எடை தவறி, ஏன் தவறியது என்று பிள்ளைகள் தேடவேண்டுமென்றால் வந்த மணலையே வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்யப்போகிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் கரிமச் சேர்மங்களைத் தூய்மையாக்கும் பாடத்துக்கும் இதே பெட்டியை எடுத்தேன், பென்சாயிக் அமிலம் மட்டும் ஆய்வகத்திலிருந்து. 2 கிராமை மணலோடு கலந்து 50 மி.லி. கொதிநீரில் கரைத்து, சூட்டோடு வடித்து, ஆறவிட்டால் ஊசி ஊசியாகப் படிகம் இறங்கும். 100 டிகிரியில் 100 மி.லி.க்கு 5.6 கிராம்போல் கரைவது, 25 டிகிரியில் 0.34 கிராம்தான் கரைகிறது. 1.6 கிராம் திரும்பக் கிடைத்தது. இங்கேதான் அந்தப் பிளாஸ்டிக் புனல் உதவியது. கண்ணாடிப் புனலில் நீளக் காம்புக்குள்ளேயே படிகம் உறைந்து அடைத்துக்கொண்டது, பிளாஸ்டிக் புனலின் காம்பை ஒட்ட நறுக்கிவிட்டு ஊற்றினோம், கொதிநீர்ச் சூட்டை அது நன்றாகத் தாங்கியது, அடைக்கவும் இல்லை. சித்த மருத்துவத்தில் பதங்கம் என்று ஒரு மருந்து வகையே உண்டு, சாம்பிராணியைச் சட்டியில் இட்டு மேலே இன்னொரு சட்டியைக் கவிழ்த்துச் சூடாக்கி, மேலே படிவதை எடுப்பது. அதில் முக்கியமாக இருப்பது இதே பென்சாயிக் அமிலம் என்று சொன்னதும், எங்கள் லேப் அண்ணன் "அப்படின்னா தாத்தா செய்ததும் இதுதானா டீச்சர்?" என்றார். அவர் தாத்தா வைத்தியர்.

விலைக்கு வருவோம். கண்ணாடிப் புனல், வாட்மேன் தாள் இரண்டும் சேர்த்தால் பெட்டியின் மேல் இன்னும் ஐந்நூறு அறுநூறு ஆகும். ஆய்வகத்தில் பீக்கரும் பர்னரும் ஏற்கெனவே உள்ள பள்ளிகள் பெட்டியை விட்டுவிட்டு, ஆறு தராசும் ஆறு நியோடிமியம் காந்தமும் வாங்கினால் அதே பணத்துக்கு இன்னும் பயன். ஒன்றுமே இல்லாத பள்ளி, அல்லது வீட்டில் பெரியவர் பக்கத்தில் இருந்து செய்துகாட்ட நினைப்பவர்கள் என்றால் பெட்டியே வசதி, நவச்சாரப் பகுதியை மட்டும் வீட்டுக்குள் செய்யாதீர்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். கண்ணாடிப் புனலைப் பெட்டியிலேயே வைத்து, புத்தகத்தில் வரிசையைத் திருத்தினால் நாலரை.

விற்பவருக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறேன், வரிசையைப் பற்றிய பக்கத்தை நானே தமிழில் எழுதித் தருவதாகவும் சொல்லியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. 3.9 கிராம் கறுப்பு மணலை ஒரு சின்னப் பாட்டிலில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறோம். மேலே லேபிளில் அந்தப் பையன் எழுதியிருப்பது: "இரும்பு என்று நினைத்தது."